மதுரையை ஆண்ட சுல்தான்கள் யார்? மாலிக் காஃபூர் ஏற்படுத்திய ஆட்சியா அது?

மதுரையில் சுல்தான் ஆட்சி நடந்தது என்கிறார்களே, அது உண்மையா, மாலிக் காஃபூர்தான் அதை ஏற்படுத்தினாரா, இன்றைய தமிழ் முஸ்லிம்கள் அந்த வழியில் வந்தவர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்தது உண்மை, 1335 வாக்கில் தொடங்கி 1378 வரை, ஏறக்குறைய 43 வருஷம். மாலிக் காஃபூருக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. மூன்றாவது கேள்விக்குப் பதில், இல்லவே இல்லை. ஆனால் இப்படி மூன்று வரியில் முடித்துவிட்டால், ஏன் இந்த ஆட்சி இவ்வளவு சீக்கிரம் வந்து இவ்வளவு சீக்கிரம் போனது என்பது பிடிபடாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மாலிக் காஃபூரை ஓரமாக வைத்துவிடலாம். 1268 முதல் ஆண்ட மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1310-ல் இறந்தார். பட்டம் யாருக்கு என்று சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் மோதிக்கொண்டார்கள். சுந்தர பாண்டியனே தகப்பனைக் கொன்றான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். நாடு இரண்டாகக் கிடந்த அந்த நேரத்தில்தான், கன்னட நாட்டுத் துவாரசமுத்திரத்தில் போசள அரசர்களை அடக்கிவிட்டு, அலாவுதீன் கில்ஜியின் தளபதியான மாலிக் காஃபூர் 1311 மார்ச்சில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தார், ஏப்ரலில் மதுரைக்கு வந்தார், அதே மாதக் கடைசியில் திரும்பிவிட்டார். மொத்தம் ஒன்றரை மாதம். அவர் வந்தது கொள்ளைக்கு. கொண்டுபோன யானைகள் மட்டும் 512 என்று தில்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரோ கணக்குச் சொல்கிறார், 612 என்கிறார் தில்லி வரலாற்றாசிரியர் பரணி. ஆனால் ஒரு நிர்வாகியையோ காவல் படையையோ இங்கே அவர் விட்டுவிட்டுப் போகவில்லை, இரண்டு பாண்டியர்களில் ஒருவரைக்கூடப் பிடிக்கவும் இல்லை. காஃபூர் போன பிறகும் பாண்டியர் இருந்தார்கள், இன்னும் பலவீனமாக. தென்கேரளத்து வேணாட்டு அரசர் ரவிவர்மன் குலசேகரன் காஞ்சிபுரம் வரை வந்து வேகவதிக் கரையில் முடிசூட்டிக்கொண்டதும், ஓரங்கல்லை, அதாவது இன்றைய வாரங்கல்லை, ஆண்ட காகதியரின் படை காஞ்சியைப் பிடித்ததும் இதற்கு அப்புறம்தான். தெற்கே யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்ற நிலை.

உண்மையான மாற்றம் 1323-ல் வந்தது. கியாசுதீன் துக்ளக்கின் மகன் உலுக் கான், பின்னாளில் முகமது பின் துக்ளக் என்று பெயர் பெற்றவர், ஓரங்கல்லை வீழ்த்தினார். அதைத் தொடர்ந்து மதுரையும் தில்லியின் கைக்குப் போனது. இந்த முறை வந்தவர்கள் தங்கினார்கள். பாண்டிய நாடு 'மாபார்' என்ற பெயரில் தில்லியின் ஒரு மாகாணமானது, தில்லி அனுப்பிய அதிகாரி மதுரையில் உட்கார்ந்தார்.

திருவரங்கத்துக்கு நேர்ந்த பேரழிவையும் வைணவ மரபு இந்தப் படையெடுப்போடுதான் சேர்த்துச் சொல்கிறது. பன்னீராயிரம் பேர் தலை விழுந்த கலகம் என்று திருவரங்கக் கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு அதைக் குறிக்கிறது. எண்ணிக்கையைப் பற்றி வாதாடலாம், ஆனால் அந்த நினைவு அறுநூறு எழுநூறு வருஷம் அழியாமல் இருந்திருக்கிறது என்றால் பட்ட காயம் சின்னதில்லை. வைணவ ஆசாரியர் பிள்ளைலோகாசாரியார் தள்ளாத வயதில் அழகிய மணவாளப் பெருமாளின் உற்சவத் திருமேனியைத் தூக்கிக்கொண்டு தெற்கே நடந்து, மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடியில் உயிரை விட்டார். அந்தத் திருமேனி மலையாளக் கரை, மேல்கோட்டை, திருப்பதி என்று சுற்றிவிட்டு 1371-ல்தான் அரங்கம் திரும்பியது.

இப்போது சுல்தான்களுக்கு வருவோம். மாபாரின் அதிகாரியாக இருந்தவர் சையது ஜலாலுதீன் அஹ்சன், வடக்கே கைத்தல் ஊர்க்காரர். 1335 வாக்கில், சிலர் கணக்கில் ஓரிரு வருஷம் முன்னதாகவே, தில்லிக்குக் கட்டுப்பட மாட்டேன் என்று அறிவித்துவிட்டுத் தன் பெயரில் காசு அடித்தார். அந்தக் காலத்தில் ஒருவர் சுல்தான் ஆகிவிட்டார் என்பதற்கு இரண்டு அடையாளம், காசில் பெயர், வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையில் பெயர். இரண்டையும் மாற்றிவிட்டால் அப்புறம் சமாதானத்துக்கு இடமில்லை. அஹ்சன் ஷாவின் மகன் இப்ராகிம் அப்போது தில்லி அரண்மனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், அவர் கடைசியில் கொல்லப்பட்டார்.

துக்ளக் சும்மா இருக்கவில்லை. மதுரையை நசுக்குவதற்கு அவரே பெரும் படையோடு கிளம்பி ஓரங்கல் வரை வந்துவிட்டார். அங்கே படையில் கொள்ளைநோய் பரவி ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள், சுல்தானும் நோயில் விழுந்தார், அவர் செத்துப்போனார் என்றே வதந்தி பரவியது, படை திரும்பிவிட்டது. மதுரை சுல்தானகம் பிழைத்தது தன் பலத்தால் அல்ல, ஓரங்கல்லில் பரவிய நோயால். துக்ளக்கின் பேரரசு தெற்கே சரிய ஆரம்பித்ததும் இந்தத் தோல்வியிலிருந்துதான். அடுத்த சில வருஷங்களில் ஓரங்கல் கைவிட்டுப் போனது, விஜயநகரம் எழுந்தது, 1347-ல் தக்காணத்தில் பாமினி அரசும் தனியாகப் பிரிந்தது.

இந்தக் கடைசி இரண்டு வரியை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மதுரை சுல்தானகத்தின் தலையெழுத்து இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அது ஒரு படைமுகாம். வடக்கிலிருந்து வந்த குதிரைவீரர்களும் அவர்களுடைய தலைவர்களும் சில கோட்டைகளைப் பிடித்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். புது ஆட்களும் புதுக் குதிரைகளும் வந்துகொண்டே இருந்தால்தான் இப்படிப்பட்ட ஆட்சி நிற்கும். தில்லியோடு உறவை முறித்தது ஒருபக்கம், நடுவில் இரண்டு புதிய அரசுகள் முளைத்துவிட்டது மறுபக்கம். தரைவழி அடைபட்டுப் போனது. உள்ளூர் நாட்டார்களோடும் கோயில்களோடும் கலந்து ஆட்சியை வேரூன்றச் செய்ய வேண்டிய காலத்தில், அந்தத் தலைவர்கள் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்தார்கள்.

அஹ்சன் ஷா சுமார் ஐந்து வருஷம் ஆண்டபின் தன் ஆட்களாலேயே கொல்லப்பட்டார். அடுத்து வந்த அலாவுதீன் உதௌஜி ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. ஒரு போரில் ஜெயித்துவிட்டுத் தண்ணீர் குடிப்பதற்காகத் தலைக்கவசத்தைத் தூக்கியபோது எங்கிருந்தோ வந்த அம்பு பட்டு இறந்தார். அவருடைய மருமகன் குத்புதீன் ஃபிரோஸ் நாற்பது நாளில் கொல்லப்பட்டார். அதற்குப் பின் வந்தவர்தான் கியாசுதீன் தம்கானி, இந்த வரிசையில் நமக்கு அதிகம் தெரிந்த ஆள். அவர் அஹ்சன் ஷாவின் மகளைக் கட்டியவர். ஒரு வம்சம் என்று இதைச் சொல்வதற்குக் கயிறு அந்த மாதிரி திருமணங்கள்தான், தகப்பனுக்குப் பின் மகன் என்ற வரிசை இங்கே அமையவே இல்லை.

கியாசுதீனைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்? இப்னு பதூதா. மொராக்கோவிலிருந்து கிளம்பிய அந்த ஊர்சுற்றி தில்லியில் காஜியாக, அதாவது நீதிபதியாக, இருந்தபோது அஹ்சன் ஷாவின் இன்னொரு மகளை மணந்திருந்தார், ஆக இவருக்கும் மதுரை சுல்தானுக்கும் சகலை முறை. மாலத்தீவில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பி, இலங்கையில் ஆரியச் சக்கரவர்த்தியைப் பார்த்து, பாவா ஆதம் மலையேறிவிட்டு, 1344 வாக்கில் தமிழ்க் கரையை நெருங்கும்போது கப்பல் தரைதட்டி உடைந்தது. கரையேறி சுல்தானின் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். வந்ததும் சொன்ன யோசனை என்ன தெரியுமா, மாலத்தீவின் மேல் படையெடுக்கலாம் என்பது! சுல்தானும் சம்மதித்தார், ஆனால் இன்னும் மூன்று மாதத்துக்கு அந்தப் பக்கம் கப்பல் போக முடியாது என்று கடற்படைத் தலைவர் சொல்லிவிட்டார்.

அந்தக் காத்திருப்பில் அவர் பார்த்து எழுதியவைதான் இந்த ஆட்சியைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே நேரடிச் சாட்சியம். படிக்கக் கஷ்டமாக இருக்கும். காட்டுவழியில் படை போகும்போது அகப்பட்ட ஊர்க்காரர்களைச் சிறைபிடித்து, அவர்கள் தோளிலேயே கூர் தீட்டிய கழுமரத்தைச் சுமக்க வைத்து, முகாமுக்குக் கொண்டுவந்து, மறுநாள் காலை நான்கு வாசலிலும் அதே மரத்தில் கழுவேற்றினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் விடவில்லை. ஒருநாள் சுல்தானோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மனிதரையும் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொண்டுவந்தார்கள். தலையை வெட்டச் சொல்லி சுல்தான் சைகை காட்டினார், இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார், எழுந்து பார்த்தபோது தலைகள் தரையில் கிடந்தன. இப்படி ஒரு கொடுமையை வேறு எந்த அரசரும் செய்து நான் அறிந்ததில்லை, இதனால்தான் இறைவன் அவர் சாவை விரைவுபடுத்தினான் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். இதை எழுதியவர் இஸ்லாமியச் சட்டம் படித்த காஜி, அந்த சுல்தானின் சகலை, அவர் உப்பைத் தின்றவர். 'எல்லாம் எதிரிகள் கட்டிய கதை' என்று சொல்பவர்களும், 'இஸ்லாம் என்றாலே இப்படித்தான்' என்று சொல்பவர்களும், இரண்டு தரப்பும் இந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

அடுத்து கண்ணனூர்க் கொப்பத்துப் போர், இது இப்னு பதூதா வருவதற்கு முன்னாலேயே நடந்தது. கொப்பம் என்பது இன்றைய சமயபுரம்தான், திருச்சிக்குப் பக்கத்தில். போசளர்கள் ஒரு காலத்தில் தங்கள் தென்பகுதித் தலைநகரமாக வைத்திருந்த ஊர், அவர்கள் கட்டிய போசளீசுவரர் கோயில் இன்னும் நிற்கிறது, மாரியம்மனைக் கும்பிடப் போகும் கூட்டத்தில் கொஞ்சம் பேராவது அங்கேயும் எட்டிப் பார்க்கலாம். அந்த ஊர் அப்போது மதுரைப் படையின் வசம் இருந்தது. போசள அரசர் மூன்றாம் வீர வல்லாளர் திருவண்ணாமலையைத் தளமாக வைத்துக்கொண்டு சுல்தானகத்தை எதிர்த்துவந்தவர். வயது எண்பது. இப்னு பதூதா கணக்கில் அவர் படை ஒரு லட்சத்துக்கு மேல், அதில் சுமார் 20,000 பேர் முஸ்லிம்கள். ஆமாம், சுல்தானை எதிர்த்த 'இந்து' அரசரின் படையில்! ஓடிவந்த அடிமைகள், குற்றவாளிகள் என்று அவர்களை இப்னு பதூதா ஏசுகிறார், ஆனால் எண்ணிக்கையை மறைக்கவில்லை. மதுரைப் படை வெறும் 6,000.

வல்லாளர் கொப்பத்தைப் பல மாதம் முற்றுகை போட்டார். உள்ளே பதினான்கு நாள் தானியம்தான் மிச்சம். ஊரை ஒப்படைத்துவிட்டு உயிரோடு போங்கள் என்று அவர் சொல்ல, எங்கள் சுல்தானைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள் உள்ளே இருந்தவர்கள். பெரிய மனசோ, ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்போ, பதினான்கு நாள் தவணை கொடுத்தார் வல்லாளர். அந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமை மதுரையில் எல்லோர் முன்னாலும் கியாசுதீன் வாசிக்கச் சொன்னார், கூட்டம் அழுதது. சாவோம், திரும்ப மாட்டோம் என்பதற்கு அடையாளமாகத் தலைப்பாகையை அவிழ்த்துக் குதிரைக் கழுத்தில் கட்டிக்கொண்டு முன்னூறு பேர் முன்வரிசையில் நின்றார்கள். நடுமத்தியானம், வல்லாளரின் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், குதிரைகள் மேய்ச்சலில் இருந்தன. புழுதியைப் பார்த்து யாரோ திருடர்கள் என்று நினைத்து அலட்சியமாக வெளியே வந்தவர்கள் சிதறிப்போனார்கள். கிழ அரசர் குதிரையேற முயன்றபோது சுல்தானின் தம்பி முறையோ மருமகன் முறையோ ஆன நாசிருதீன் கையில் சிக்கினார்.

விடுதலை செய்கிறேன் என்று கியாசுதீன் ஆசை காட்டி, யானை, குதிரை, பொன் எல்லாவற்றையும் கறந்துகொண்டபின் அவரைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார். அதைத் தொங்கிய இடத்திலேயே பார்த்தேன் என்று இப்னு பதூதா எழுதுகிறார். இது நடந்தது 1342-ல். போர் முறையில் அது வெற்றி, அரசியலில் அதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது. வல்லாளரோடு போசள அரசு கிட்டத்தட்ட முடிந்தது, அந்த வெற்றிடத்தை முழுக்க விழுங்கியது மதுரை அல்ல, விஜயநகரம்.

இப்னு பதூதா போய்ச் சேர்ந்த அந்த முகாமிலிருந்து கியாசுதீன் மதுரை திரும்பியபோது ஊரில் கொள்ளைநோய். பிடித்தவர்கள் இரண்டு மூன்று நாளில் செத்தார்கள். சுல்தானின் தாய், மனைவி, மகன் எல்லோரும் போனார்கள், கொஞ்ச நாளில் அவரும் போனார். இப்னு பதூதாவுக்கும் காய்ச்சல் வந்து சாகக் கிடந்தார். அவரைக் காப்பாற்றியது நம்மூர்ப் புளி. ஒரு ராத்தல் அளவு புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிறு கழிந்து, பிழைத்தார். இனி இந்த ஊரே வேண்டாம் என்று, புது சுல்தான் மாலத்தீவுப் படையெடுப்புக்குக் கப்பல் தருகிறேன் என்று சொல்லியும் கேட்காமல் கொல்லத்துக்குக் கப்பலேறிவிட்டார்.

அவர் போனதும் நம் கையில் இருந்த விளக்கு அணைந்த மாதிரிதான். அந்தப் புது சுல்தான், கொப்பத்தில் வல்லாளரைப் பிடித்த அதே நாசிருதீன், பட்டத்துக்கு வந்ததும் கியாசுதீனின் மருமகனைக் கொன்றுவிட்டு அந்தப் பெண்ணைத் தானே கட்டிக்கொண்டார். அவருக்கு அப்புறம் நமக்குக் கிடைப்பது காசுகள்தான். அதிலும் 1340-களின் நடுவிலிருந்து 1356 வரை காசே கிடைக்கவில்லை. பின் ஆதில் ஷா, ஃபக்ருதீன் முபாரக் ஷா, அலாவுதீன் சிக்கந்தர் ஷா என்று மூன்று பெயர்கள் வருகின்றன. தில்லியில் ஃபிரோஸ் ஷா துக்ளக்கிடம் மாபார்க்காரர்கள் உதவி கேட்டு ஆள் அனுப்பியதாகவும் அவர் கைவிரித்துவிட்டதாகவும் தில்லி வரலாற்றாசிரியர் அஃபீஃப் எழுதுகிறார். கொடியை இறக்கியவர்கள் திரும்பக் கேட்டால் யார் வருவார்கள்.

முடித்துவைத்தவர் விஜயநகரத்து முதலாம் புக்கரின் மகன் குமார கம்பணர். முதலில் 1360-களில் வடதமிழ்நாட்டில் படைவீட்டை ஆண்ட சம்புவராயர்களை அடக்கிக் காஞ்சியில் நிலைகொண்டார், பிறகு தெற்கே இறங்கி 1371 வாக்கில் மதுரையைப் பிடித்தார். அவர் மனைவி கங்காதேவி சமஸ்கிருதத்தில் எழுதிய மதுரா விஜயம் அந்தப் போரைப் பாடுகிறது. மதுரைத் தோப்புகளில் தென்னைகளை வெட்டிவிட்டு மண்டையோடு கோத்த சூலங்களை நட்டிருந்தார்கள் என்று அவர் எழுதுவது காவிய நடை, அப்படியே பத்திரிகைச் செய்தி போல எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனாலும் இப்னு பதூதாவின் கழுமரங்களைப் படித்தவர்களுக்கு அது முழுக் கற்பனையாகவும் தோன்றாது. காவியத்தின்படி கம்பணர் சுல்தானைத் தனிச்சண்டையில் கொல்கிறார். ஆனால் சிக்கந்தர் ஷாவின் காசு ஹிஜ்ரி 779 வரை, அதாவது 1377-78 வரை கிடைக்கிறது, கம்பணர் 1374-லேயே இறந்துவிட்டார். ஆகவே மதுரை போன பிறகும் ஏதோ ஒரு மூலையில் சில வருஷம் அந்தப் பெயரில் காசு அடிக்கப்பட்டிருக்கிறது. திருப்பரங்குன்றம் மலைமேல் உள்ள தர்காவை இந்த சிக்கந்தரோடு இணைத்துப் பேசும் மரபும் உண்டு.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. தமிழ் முஸ்லிம்கள் இந்த சுல்தான்களுக்குப் பல நூற்றாண்டு மூத்தவர்கள். அவர்கள் வந்தது கடல்வழியே, வியாபாரத்துக்கு. பாண்டிய அரசரே பவித்திரமாணிக்கப் பட்டினத்துச் சோனகச் சாமந்தப் பள்ளிக்கு, அதாவது முஸ்லிம்களின் பள்ளிவாசலுக்கு, வரியில்லா நிலம் (இறையிலி) விட்டதைச் சொல்லும் கல்வெட்டு எங்கே இருக்கிறது தெரியுமா, திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில். அது 13-ம் நூற்றாண்டு, காஃபூருக்கு முந்தியது. பாண்டியனுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்தன, ஒன்றுக்கு 220 பொன் தீனார், காயலில் அந்த வணிகத்தைப் பார்த்துக்கொண்டு பாண்டியனுக்கு அமைச்சராகவும் இருந்தவர் தகியுதீன் அப்துர் ரஹ்மான் என்கிறார் வஸ்ஸாஃப். 1311-ல் காஃபூரின் படையை எதிர்த்து நின்ற பாண்டியப் படையிலும் முஸ்லிம் வீரர்கள் இருந்தார்கள் என்று அமீர் குஸ்ரோவே சொல்கிறார். சுல்தானகம் ஒழிந்தபின் காயலும் கீழக்கரையும் காலியாகிவிடவில்லை, முத்தும் குதிரையும் முன்போலவே கரையேறிக்கொண்டிருந்தன, வாங்கும் அரசர் மட்டும் மாறியிருந்தார். மதுரையை 43 வருஷம் பிடித்து வைத்திருந்த தில்லித் தளபதிகளின் கணக்கை, அவர்களுக்கு முன்னும் பின்னும் இந்தக் கரையில் தமிழ் பேசி வாழ்ந்தவர்கள் தலையில் எழுதுவது வரலாற்றுப்படியும் தப்பு, நியாயப்படியும் தப்பு.